வெள்ளிக்கிழமை டாக்கோ

(நார்வே. ஆஸ்லோ நகரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. ஜெயந்தி அக்காவின் சமையலறை. அவர் வீட்டுக்காரரும் இரண்டு பையன்களும் கால்பந்துப் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள். ஆறு மணிக்குக் கொலைப்பசியோடு வருவார்கள். ராத்திரிச் சாப்பாடு டாக்கோ: டோர்டியா என்கிற மெல்லிய ரொட்டியில் கறியும் காயும் வைத்து மடித்துத் தின்கிற மெக்சிகோ பண்டம். மெக்சிகோவின் குவாதலஹாராவில் சில வருஷம் ஐடி வேலை பார்த்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்திருக்கும் பிரபு, ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வருகிறான். இந்த மாதிரிப் பையோடு வருகிற விருந்தாளியைப் பார்த்தால் எந்த வீட்டு அம்மாவுக்கும் கொஞ்சம் கிலிதான்.)

ஜெயந்தி: வா தம்பி. ஷூவை அங்கயே கழட்டிடு. என்ன, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?

பிரபு: நேத்து இன்னொரு கடைக்குப் போனேன்க்கா.

ஜெயந்தி: மறுபடியும் மெக்சிகோ சாப்பாடா? போன வாரம்தானே இனிமே போக மாட்டேன்னு சொன்ன?

பிரபு: வாசல்லயே திரும்பியிருக்கணும். சுவத்துல பெரிய தொப்பி. பக்கத்துல கள்ளிச்செடி வரைஞ்சிருந்தான். அந்தக் கள்ளிச்செடிக்கும் ஒரு தொப்பி.

ஜெயந்தி: செடிக்கு எதுக்குத் தொப்பி? இங்கதான் வெயிலே கிடையாதே.

பிரபு: வெளிநாட்டுல ஒரு மெக்சிகன் கடை எப்படின்னு தெரியணும்னா தொப்பியை எண்ணினாப் போதும்க்கா. தொப்பி ஏற ஏற ருசி இறங்கும். மெனு எட்டுப் பக்கம். பரீட்டோ, ஃபஹீட்டா, சில்லி கான் கார்னே, பர்கர். கடைசிப் பக்கத்துல பாஸ்தா.

ஜெயந்தி: பாஸ்தா எப்படி இருந்துச்சு?

பிரபு: நான் பாஸ்தா திங்கப் போகலைக்கா!

ஜெயந்தி: கோச்சுக்காத. எட்டுப் பக்கத்துல ஒண்ணாவது தேறியிருக்குமேன்னு கேட்டேன்.

பிரபு: எட்டுப் பக்கம்னாலே தேறாதுன்னு அர்த்தம். மெக்சிகோ சிட்டில எல் கலிஃபா தே லியோன்னு ஒரு கடை. 1968லேருந்து நடக்குது. உக்கார இடம் கிடையாது, நின்னுக்கிட்டேதான் திங்கணும். மொத்தமே நாலு வகை டாக்கோ. 2024ல அதுக்கு, ருசியான ஓட்டல்களுக்குத் தர்ற மிஷ்லின் நட்சத்திரம் குடுத்தாங்க.

ஜெயந்தி: மிஷ்லின்னா டயர் விக்கிறவங்கதானே?

பிரபு: அவங்களேதான்.

ஜெயந்தி: நாற்காலி போடாதவனுக்கு நட்சத்திரம். சரி, நேத்து என்ன வாங்கின?

பிரபு: மூணு டாக்கோ. இருநூறு குரோனருக்கு மேல. "இந்த டோர்டியா மக்காச்சோளத்துல பண்ணினதா, கோதுமையா?"ன்னு கேட்டேன். அந்தப் பையன் ரொம்ப யோசிச்சு, "சின்னதும் இருக்கு, பெருசும் இருக்கு"ன்னான்.

ஜெயந்தி: பாவம், பார்ட் டைம் பையனா இருக்கும்.

பிரபு: சல்சா, அதான் அந்த மிளகாய்ச் சட்னி, கேட்டேன். இனிச்சுது. எலுமிச்சம்பழம் கேட்டேன். தண்ணி கிளாஸ் விளிம்புல ஒரு துண்டைச் சொருகிக் கொண்டு வந்து வெச்சான். அதை உருவி டாக்கோ மேல பிழிஞ்சேன். பக்கத்து டேபிள்ல ஒரு பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கே...

ஜெயந்தி: இதுக்குத்தான் சொல்றேன், பேசாம வெள்ளிக்கிழமை இங்க வந்துடு. ஊரு பூரா இன்னிக்கு டாக்கோ. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் டாக்கோ. தொண்ணூறுகள்ல பிடிச்ச பழக்கம், இன்னும் விடலை. வேலை முடிஞ்சுதா, கடைல ஒரு பாக்கெட்டைத் தூக்கினமா, அரை மணி நேரத்துல சாப்பாடு. இதோ பாரு, எல்லாம் எடுத்து வெச்சுட்டேன்.

(மேஜையைக் காட்டுகிறார். கிண்ணம் கிண்ணமாக வரிசை. பிரபு பையைக் கீழே வைக்கிறான். விபத்து நடந்த இடத்தைப் பார்க்கப் போகிறவன் நடை.)

பிரபு: இது... கொத்துக்கறி.

ஜெயந்தி: ஆமா. அந்தப் பாக்கெட் மசாலாவைப் போட்டு வறுத்தது.

பிரபு: பூரா சீரக வாசனை. இது டெக்சாஸ்க்கா. மெக்சிகோ இல்ல.

ஜெயந்தி: ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆறுதானே ஓடுது?

பிரபு: துருவின மஞ்சள் சீஸ். புளிச்ச கிரீம். அக்கா, இது என்ன?

ஜெயந்தி: வெள்ளரிக்காய்.

பிரபு: டாக்கோவுக்கா?

ஜெயந்தி: வெள்ளரிக்காய் இல்லேன்னா எம் பசங்க டாக்கோன்னே ஒத்துக்க மாட்டாங்க. ஏன், மெக்சிகோல வெள்ளரிக்காய் விளையாதா?

பிரபு: விளையும்.

ஜெயந்தி: திங்க மாட்டாங்களா?

பிரபு: திம்பாங்க. தள்ளுவண்டில நீளநீளமா சீவி, எலுமிச்சை பிழிஞ்சு, மிளகாய்ப் பொடி தூவி... அது வேறக்கா.

ஜெயந்தி: டாக்கோகூட?

பிரபு: (குரல் இறங்குகிறது) வடக்க சினலோவா, சொனோரா மாநிலத்துப் பக்கம் டாக்கோ கடைங்கள்ல... தட்டுல முள்ளங்கியும் வெள்ளரிக்காயும் வெப்பாங்க.

ஜெயந்தி: அப்போ வெள்ளரிக்காய் பாஸ். அடுத்தது?

பிரபு: இந்தக் கோதுமை டோர்டியா. இதை நான் எப்படிக்கா ஏத்துக்கறது?

ஜெயந்தி: மெக்சிகோல யாருமே கோதுமைல பண்றதில்லையா?

பிரபு: வடக்க பண்ணுவாங்க. சொனோரால முழங்கை நீளத்துக்கு, அடில இருக்கிற கை தெரியுற அளவுக்கு மெல்லிசா போடுவாங்க. கோதுமை டோர்டியாவைச் சுருட்டிப் பண்ற பரீட்டோவே வடக்கத்திச் சமாச்சாரம்தான்.

ஜெயந்தி: அப்போ இதுவும் பாஸ். நான் சொனோரா ஸ்டைல்னு எழுதி ஒட்டிடறேன். டின் சோளம்?

பிரபு: டின் சோளத்தை மட்டும் விட மாட்டேன்.

ஜெயந்தி: மக்காச்சோளமே அவங்க ஊர் சரக்குதானேப்பா.

பிரபு: உலகத்துக்கே அவங்கதான் குடுத்தாங்க. ஏதோ ஒரு புல்லுலேருந்து ஏறக்குறைய 9000 வருஷத்துக்கு முன்னாடி வளர்த்தெடுத்தாங்க. சாயங்காலம் ஆனா தெருமுனைல ஒரு கப்புல சோள முத்தைப் போட்டு, மயோனைஸ் விட்டு, சீஸ் தூவி, மிளகாய் தூவி... எஸ்கிதேஸ்னு...

ஜெயந்தி: பாஸ்.

பிரபு: அக்கா, நான் எதிர்க்கட்சிக்காரன். நான் சொல்றதை எல்லாம் உங்க பக்கம் எழுதிக்கறீங்க.

ஜெயந்தி: எதிர்க்கட்சி நீதான், சாட்சியும் நீதான். நான் என்ன பண்றது? அந்த நாச்சோஸ் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரி, பசங்க வந்ததும் கேப்பாங்க.

பிரபு: நாச்சோஸ்! இது ஒண்ணு சத்தியமா அமெரிக்கா சரக்கு.

ஜெயந்தி: (போனை எடுத்துத் தேடுகிறார்) இரு... 1943. பியட்ராஸ் நெக்ராஸ். எல்லையோரத்து ஊர். எல்லைக்கு அந்தப் பக்கத்துலேருந்து அமெரிக்காப் பொம்பளைங்க சாப்பிட வந்தாங்களாம். சமையல்காரர் எங்கயோ போயிட்டாராம். இக்னாசியோ அனாயான்னு ஒருத்தர், கையில கிடைச்ச சீஸையும் மிளகாயையும் போட்டு ஒப்பேத்தினாராம். அந்த ஊர் எந்த நாட்டுல இருக்கு?

பிரபு: ...மெக்சிகோ.

ஜெயந்தி: பிரி பாக்கெட்டை.

(பிரிக்கிறான். ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறான். நீதிமன்றம் கவனிக்கவில்லை.)

பிரபு: நாச்சோஸ் எல்லையோரம், போகட்டும். ஆனா எல்லையோரக் கணக்குன்னா சீசர் சாலட் கூட மெக்சிகோன்னு ஆயிடும். அதையும் 1924ல டிஹுவானாலதான் கண்டுபிடிச்சாங்க. இத்தாலிலேருந்து வந்த சீசர் கார்டினின்னு ஒருத்தர் ஓட்டல்ல.

ஜெயந்தி: (கரண்டியைக் கீழே வைக்கிறார்) என்னது?

பிரபு: ஒண்ணும் இல்ல, விடுங்க.

ஜெயந்தி: சீசர் சாலட் மெக்சிகோலயா பொறந்துச்சு? எங்க ஆபீஸ் கேன்டீன்ல செவ்வாய்க்கிழமை தவறாம போடறானேப்பா! நீ ஆஸ்லோ பூரா தெருத்தெருவா அலையற. நான் லிஃப்ட்ல கீழ இறங்கி வாராவாரம் மெக்சிகோ சாப்பாடு சாப்பிட்டுட்டு இருக்கேன்.

பிரபு: அக்கா, ப்ளீஸ்.

ஜெயந்தி: அங்க ஒரு தொப்பி கூட கிடையாது. உன் கணக்குப்படி முதல் தரமான கடை.

பிரபு: இப்படியே போனா நான் அழுதுடுவேன். நான் என்ன பெருசா கேக்கறேன்? ராத்திரி பத்து மணி, தெருவோரம், ஒரு குண்டு பல்பு. கம்பில குத்தி அடுக்கின பன்னிக்கறி நெருப்புல சுத்துது. உச்சில அன்னாசிப்பழம். கத்தியால ஒரு சீவு, அன்னாசியை ஒரு தட்டு, அது பறந்து வந்து டோர்டியாவுல விழும். மேல வெங்காயம், கொத்தமல்லி. அவ்வளவுதான். அல் பஸ்தோர்.

ஜெயந்தி: கம்பில சுத்துற கறியா? அது இங்க மூலைக்கு மூலை இருக்கே. கெபாப் கடை.

பிரபு: கெபாப் கடை வாசல்ல போய் நின்னிருக்கேன்க்கா. பல நாள் நின்னிருக்கேன். உள்ள இருக்கிறவர் கூப்பிட்டே கேட்டுட்டார், "என்ன வேணும்?"னு. "சும்மா பார்த்துட்டுப் போறேன்"னேன்.

ஜெயந்தி: கறி சுத்துறதையா?

பிரபு: ஒரே வம்சம்க்கா ரெண்டும். லெபனான் பக்கத்துலேருந்து ஜனங்க மெக்சிகோவுக்குக் குடியேறினப்போ ஷவர்மாக் கம்பியையும் கொண்டுக்கிட்டுப் போனாங்க. பியூப்லாங்கிற ஊர்ல 1930கள்லயே அரபு டாக்கோன்னு வித்திருக்காங்க. அப்புறம் ஆட்டுக்கறி பன்னிக்கறியாச்சு, மசாலால காய்ஞ்ச குவாஹியோ மிளகாயும் ஆச்சியோத்தே விதையும் சேர்ந்துச்சு, அல் பஸ்தோர் வந்துச்சு.

ஜெயந்தி: அதாவது லெபனான்காரர் மெக்சிகோ போய் தனக்குக் கிடைச்சதை வெச்சுப் பண்ணினா அது அசல். நான் நார்வேல கிடைச்சதை வெச்சுப் பண்ணினா போலி.

(பிரபு வாயைத் திறக்கிறான். மூடுகிறான். இன்னொரு நாச்சோஸ் எடுக்கிறான்.)

பிரபு: சரி. வெள்ளரி, சீஸ், கிரீம், டின் சோளம் எல்லாம் தள்ளி வெப்போம். எல்லாத்துக்கும் சமாதானம். ஒண்ணே ஒண்ணு மட்டும் விட்டுக் குடுக்க மாட்டேன்க்கா. மக்காச்சோள டோர்டியா. அது சரியா இருந்தா உள்ள உப்பைத் தூவித் தின்னாலும் நான் சந்தோஷமா வீட்டுக்குப் போவேன். அது சரியில்லேன்னா உள்ள தங்கத்தை வெச்சாலும் வீண்.

ஜெயந்தி: சோள மாவு கடைல கிடைக்குதே. கேக்குக்கு வாங்கி வெச்சிருக்கேன், எடுக்கட்டுமா?

பிரபு: (பதறி) வேணாம்! அதுல தண்ணி விட்டுப் பிசைஞ்சா மண்ணு மாதிரி உதிரும். சேரவே சேராது. மெக்சிகோல முழுச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணில வேக வெச்சு, ராத்திரி பூரா ஊற விடுவாங்க.

ஜெயந்தி: சுண்ணாம்பா? சுவத்துக்கு அடிக்கிறதா?

பிரபு: அதே சாதிதான், திங்கிற தரத்துல. மேல் தோல் வழுவழுன்னு கழண்டு வரும். அதை அலசிட்டு அரைச்சா மாவு தானா ஒட்டும். அந்த வாசனையும் சுண்ணாம்பாலதான் வருது. சத்தும் அதாலதான். சோளத்துல இருக்கிற பி3 வைட்டமின் அப்பதான் நம்ம உடம்புல சேரும். ஐரோப்பாக்காரங்க சோளத்தைக் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தாங்க, செய்முறையை அங்கயே விட்டுட்டு வந்துட்டாங்க. இத்தாலிலயும் ஸ்பெயின்லயும் ஏழை ஜனங்க சோளத்தை மட்டுமே தின்னு, பெலாக்ரான்னு தோல் உரியற நோய் வந்து, தலைமுறை தலைமுறையா செத்தாங்க. காரணம் என்னன்னு கண்டுபிடிக்க 20ஆம் நூற்றாண்டு ஆயிடுச்சு.

ஜெயந்தி: அடப்பாவமே. பாட்டிங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே.

பிரபு: யாரும் கேக்கலை.

ஜெயந்தி: அப்போ நாமளும் ராத்திரி பூரா ஊற வெக்கணுமா? பசங்க ஆறு மணிக்கு வந்துடுவாங்க.

பிரபு: (பையைத் திறக்கிறான். முகத்தில் ஒரு பூசாரிக் களை) அதுக்குத்தான் இது. மாசா ஹரினா. சுண்ணாம்புல வேக வெச்சு, அரைச்சு, காய வெச்ச மாவு. தண்ணி விட்டாப் போதும். ஆன்லைன்ல சொல்லி வரவழைச்சேன். இது டின்ல அடைச்ச சிபோட்லே, அதாவது புகை போட்டுக் காய வெச்ச ஹலபேன்யோ மிளகாய். இது தொமாத்தியோ டின், பச்சை சல்சாவுக்கு.

ஜெயந்தி: தக்காளிக்காயா?

பிரபு: பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனா சொடக்குத் தக்காளி இனம். மேல காகிதம் மாதிரி உறை இருக்கும். இங்க பச்சையா எங்கயும் கண்ல படலை.

ஜெயந்தி: சரி, மணி அஞ்சாகப் போகுது. உபன்யாசம் போதும், கையைக் கழுவு.

(மாவு பிசைகிறான். பத்து நிமிஷம் மூடி வைக்கச் சொல்கிறான். அந்தப் பத்து நிமிஷத்தில் சல்சாவை அரைத்தது ஜெயந்தி, பேசியது பிரபு. டோர்டியா அழுத்தும் கருவி இல்லாததால், கனமான வாணலியின் அடிப்பாகம். மாவு ஒட்டாமலிருக்க அறுத்த பிளாஸ்டிக் பை.)

பிரபு: இப்ப பாருங்க. உருண்டையை நடுவுல வைக்கணும். மேல பிளாஸ்டிக். வாணலியை வெச்சு... ம்ம்... அழுத்தி... எடுத்தா...

ஜெயந்தி: வட்டமா இல்லையே.

பிரபு: கையால பண்ணினா அப்படித்தான் வரும்.

ஜெயந்தி: ஓரமெல்லாம் வெடிச்சிருக்கு. ரெண்டா வேற பிஞ்சிருக்கு. அதுவும் அப்படித்தான் வருமா?

பிரபு: குவாதலஹாரால நல்லாத்தான் வந்துச்சு.

ஜெயந்தி: அங்க நீயா பண்ணின?

பிரபு: கடைல அந்தம்மா பண்றதைப் பார்த்திருக்கேன். தினமும் பார்த்திருக்கேன்.

ஜெயந்தி: நகரு. (மாவைத் தொட்டுப் பார்க்கிறார்) வறண்டு கிடக்கு. தண்ணி பத்தலை. ஓரம் வெடிக்குதுன்னா மாவு தண்ணி கேக்குது. இவ்வளவு நேரம் 9000 வருஷத்துக் கதை சொன்ன, இதைச் சொல்லலையே.

(கையை நனைத்துப் பிசைகிறார். உருட்டி, அழுத்தி, பிளாஸ்டிக்கை உரிக்கிறார். முழு நிலா. பிரபு ஏதோ குடும்ப ரகசியம் திருடு போனதுபோல் பார்க்கிறான்.)

பிரபு: கல்லு நல்லா சூடாகணும். எண்ணெய் விடக் கூடாது. போட்டு அரை நிமிஷத்துல திருப்பணும். அப்புறம் ஒரு நிமிஷம். மறுபடி திருப்பி லேசா அமுக்கினா உப்பணும். உப்பினாத்தான்...

ஜெயந்தி: உப்புது.

பிரபு: உப்புது! அக்கா, உப்புது! அந்த வாசனை! அதேதான்! அக்கா...

(தீப்புகை அபாயமணி அலறுகிறது. நார்வேயில் ஒவ்வொரு வீட்டிலும் இந்த மணி இருந்தாக வேண்டும் என்பது சட்டம். உணர்ச்சிகரமான தருணங்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இல்லை.)

ஜெயந்தி: ஜன்னலைத் திற! துண்டை எடுத்து விசிறு! கண்ணைத் துடைக்கிறதுக்கு இல்லப்பா, மணிக்குக் கீழ விசிறு!

(விசிறுகிறான். மணி அடங்குகிறது. ஜெயந்தி அசராமல் அடுத்ததைப் போடுகிறார். அடுக்கு ஏறுகிறது, துணியில் சுற்றி வைக்கிறார். பிரபு வெறும் டோர்டியாவில் உப்பையும் சல்சாவையும் தொட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டே தின்கிறான்.)

ஜெயந்தி: உக்காந்து தின்னேன்.

பிரபு: நின்னு தின்னாத்தான்க்கா ருசி. இந்த ஒண்ணை எந்தக் கடையாவது பண்ணுதா இங்க? இனிமே எந்தக் கடைக்குப் போனாலும் மெனுவையே பார்க்க மாட்டேன். நேரா சமையக்கட்டுப் பக்கம் போய், மாவு பிசையறாங்களா, பாக்கெட்டைப் பிரிக்கிறாங்களான்னு பார்த்துட்டு வந்துதான் உக்காருவேன்.

ஜெயந்தி: போலீஸைக் கூப்பிடுவாங்க. (அடுப்பைத் துடைத்தபடி) இந்த வாசனையை நான் எங்கயோ மோந்திருக்கேன்னு அப்பலேருந்து யோசிக்கிறேன்... ஆங். சின்னவன் கிளாஸ்ல கூடப் படிக்கிற பையனோட அம்மா வீட்டுல.

பிரபு: எந்த அம்மா?

ஜெயந்தி: அவ மெக்சிகோக்காரிதான். சனிக்கிழமையானா சோள மடல்ல மாவைத் தடவி, உள்ள கறியை வெச்சு மடிச்சு, ஆவில வேக வெச்சு ஏதோ பண்ணுவா. போன கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குக் கூட ஒரு டப்பா குடுத்தா.

பிரபு: (மெதுவாக) தமால்.

ஜெயந்தி: அதேதான். நல்லா இருந்துச்சு. பசங்க கொஞ்சம் கெச்சப் விட்டுச் சாப்பிட்டாங்க.

பிரபு: அக்கா. நான் இந்த ஊருக்கு வந்ததுலேருந்து உங்ககிட்ட புலம்பிட்டு இருக்கேன்.

ஜெயந்தி: நீ "நல்ல கடை தெரியுமா"ன்னு கேட்ட. எனக்குக் கடை எதுவும் தெரியாது. "மெக்சிகோக்காரங்க யாராவது தெரியுமா"ன்னு கேட்டியா?

பிரபு: (நாற்காலியில் உட்கார்கிறான். முதல் முறையாக) அவங்க வீட்டுல வெள்ளிக்கிழமை என்ன சமைப்பாங்க?

ஜெயந்தி: இதேதான். இதே பாக்கெட், இதே வெள்ளரிக்காய். அவ பசங்களும் இங்க பொறந்ததுங்கதானே, விடுமா? "வெள்ளிக்கிழமை மட்டும் நான் நார்வேக்காரி"ம்பா.

பிரபு: எனக்கு அவங்க நம்பர் வேணும். இப்பவே வேணும். தமாலுக்கு நான் காசு குடுக்கறேன். பாத்திரம் கழுவறேன். அந்தப் பையனுக்குக் கணக்குச் சொல்லித் தர்றேன்.

ஜெயந்தி: நம்பர் தர்றேன். ஒரே ஒரு கண்டிஷன்.

பிரபு: என்ன சொன்னாலும் சரி.

ஜெயந்தி: போன உடனே அந்த லெபனான் கதையை ஆரம்பிக்கக் கூடாது. அவ பியூப்லாக்காரி.

(வாசலில் அழைப்புமணி. பந்து ஒன்று கதவில் மோதும் சத்தம். பிரபு எழுந்து, யாரும் கேட்காமலேயே, வெள்ளரிக்காய்க் கிண்ணத்தை மேஜையின் நடுவுக்கு நகர்த்தி வைக்கிறான்.)

ஜெயந்தி: கதவைத் திற. அந்த உப்பின டோர்டியாவுல ரெண்டு எனக்கு ஒளிச்சு வை. பசங்க கண்ல பட்டா அதுலயும் கெச்சப் விட்டுடுவானுங்க.